சாயவேரும் தையல் ஆலையும்

சூழலைக் கெடுக்காத ஆடை, அறம் வழுவாத ஆடை என்னும் விளம்பரங்கள் இன்று மேனாட்டுப் புடைவைச் சந்தையை ஆட்கொண்டிருக்கின்றன. நச்சு மருந்து தெளியாது விளைந்த பருத்தி, வேரிலும் இலையிலும் எடுத்த சாயம் என்றெல்லாம் சீட்டு ஒட்டி விற்கிறார்கள். நல்லதே. ஆனால், துணி எத்துணைத் தூயது என்று வினவுவோர், அதனைத் தைத்தவளுக்கு என்ன உரிமை உண்டு என்று வினவ மறப்பதை நாம் ஏற்பதற்கில்லை.

தூய துணி வேறு, நேர்மையான துணி வேறு என்பதை யாழ்ப்பாணத்தார் பிறரிடம் கற்கவேண்டியதில்லை. 1658 முதல் 1795 வரை இக்குடாநாட்டை ஆண்ட ஒல்லாந்தர், இங்குள்ள மணற்றரைகளில் வளர்ந்த சாயவேரைத் தோண்டுவித்துத் துணிகளுக்குச் செந்நிறம் ஏற்றுவித்தனர். படிகாரம் ஊட்டிய பருத்தியில் அவ்வேர் பதிக்கும் சிவப்பு எளிதில் வெளுப்பதன்று. நஞ்சில்லை, ஆலைப் புகையில்லை. இன்றைய விளம்பரக்காரர் போற்றும் இலக்கணம் யாவும் அதற்குண்டு. ஆயினும், அவ்வேரைத் தோண்டும் வேலை குறிப்பிட்ட சாதியார் தலையில் கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டிருந்தது. விலையைக் கும்பினி வகுத்தது. வேண்டாமென்னும் உரிமை தோண்டியவனுக்கு இல்லை. சாதிப் படிநிலையில் மேலே இருந்த நம்மவர் அதற்குத் துணைநின்றனர் என்பதையும் மறைப்பானேன்? பின்னர், 1869க்குப் பின் சந்தைக்கு வந்த ஜெர்மன் இரசாயனச் சாயம் சாயவேர் வாணிபத்தை வீழ்த்தியது.

2009இல் போர் ஓய்ந்தபின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பெருந் தையல் ஆலைகள் எழுந்தன. வேறு பிழைப்பில்லாத பெண்கள் பலருக்கு அவை சோறு தந்தன; அதனை நாம் இகழவில்லை. 'குற்றமற்ற ஆடை' என்று இலங்கை முதலாளிகள் 2006இலேயே உலகறிய முழங்கத் தொடங்கினர். 2013 ஏப்ரல் 24ஆம் நாள் வங்காளதேசத்தில் ரானா பிளாசா இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் மாண்டபோது, இலங்கையின் ஆலைகள் அப்படிப்பட்டவையல்ல என்று பெருமை பேசப்பட்டது. கட்டடங்களைப் பொறுத்தவரை அப்பெருமைக்கு ஆதாரம் உண்டு.

தொழிற்சங்கத்தைப் பொறுத்தவரை? ஓர் ஆலையின் தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பது பேர் சேர்ந்தாலன்றி, அச்சங்கத்துடன் பேச முதலாளி கடமைப்பட்டவரல்லர் என்று 1999ஆம் ஆண்டுக் கைத்தொழிற் பிணக்குகள் திருத்தச் சட்டம் வகுத்தது. ஆயிரம் பேர் உள்ள ஆலையில் நானூறு பேர்! முதற் பத்துப் பேர் சேர்ந்தவுடனேயே கங்காணிப்பு தொடங்கும்போது, நானூறாவது பெயர் எங்ஙனம் பதியப்படும்? 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபாவென்று ஆகக்குறைந்த வேதனத்தைச் சட்டம் நிர்ணயித்தது. அதற்குமேல் ஒரு ரூபா கேட்கவும் சங்கமே வழி.

ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் வரிச்சலுகையை நிறுத்தி, 2017இல் மீண்டும் அளித்தது. 27 சர்வதேச உடன்படிக்கைகளைப் பேணுவதே அச்சலுகையின் நிபந்தனை. சங்கம் அமைக்கும் உரிமையும் அவற்றுள் அடங்கும். தமிழ்ப் பிரதிநிதிகள் பிரசெல்ஸ் நகரத் தூதுக்குழுக்களிடம் நம் அரசியல் உரிமைகளை எடுத்துரைத்து வந்திருக்கின்றனர்; அது அவர்கள் கடமை. அதே மேசையில், கிளிநொச்சித் தையற்காரியின் சங்க உரிமையையும் வைத்தனரா? அந்த நாற்பது வீத விதியைத் தளர்த்தும் பிரேரணையைப் பாராளுமன்றத்தில் கொண்டுவர அவர்களுக்குத் தடை யாது?