இடிபாட்டின் அழகு யாருக்கு?

நெல்லியடியிலிருந்து கிழக்கே சென்று வல்லிபுரத்தையும் கடந்தால் மணற்காடு வரும். அங்கே பழைய அந்தோனியார் தேவாலயம் மணலுட் புதையுண்டு, கூரையிழந்த சுவர்களோடு நிற்கிறது. அதனைப் படம்பிடிக்க வருவோர் பலர். சுவரின் வளைவும் மணல்மேடும் மாலை வெயிலும் படத்தில் விழுகின்றன. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலைக்குத் தப்பிய அக்கரையின் மீனவன் மட்டும் விழுவதில்லை.

இந்தப் பார்வை நம் மண்ணில் முளைத்ததன்று. ஆங்கிலேயரிடம் கடன் வாங்கியது. வேல்ஸ் நாட்டின் வை ஆற்றங்கரையில் டின்டேர்ண் என்னும் துறவிமடம் இருந்தது. 1536 இல் எட்டாம் ஹென்றி மன்னன் அதனை மூடினான். கூரையின் ஈயமும் பெயர்த்தெடுக்கப்பட்டது. அரசன் செய்த கொள்ளையின் மிச்சத்திற் கொடி படர்ந்தது. அந்தக் கொடியைத்தான் டர்னர் முதலாக விக்டோரியா காலத்து ஓவியர் வரை ஒருவர்பின் ஒருவராகத் தீட்டினர்.

அவர்களுக்கு வழிகாட்டியவர் வில்லியம் கில்பின் என்னும் பாதிரியார். 1782 இல் வெளிவந்த தமது நூலில், மடத்தின் முகட்டுச் சுவர்கள் ஒழுங்காக இருப்பது கண்ணை உறுத்துகிறது, ஒரு சுத்தியலைப் பக்குவமாகப் பயன்படுத்தினால் நன்றாயிருக்கும் என்று அவர் கருத்துரைத்தார். அதே நூலில், இடிபாட்டினுள் ஒண்டியிருந்த வறியவரையும், நடக்க இயலாத ஓர் ஏழைப் பெண்ணையும் அவரே குறித்துள்ளார். சுவர் ஓவியமாயிற்று, அந்தப் பெண் ஆகவில்லை. அருகே 1566 முதல் நடந்துவந்த கம்பித் தொழிற்சாலையின் உழைப்பாளியும் ஆகவில்லை.

அழகுக்கு வரலாறு எதற்கு என்பர் தூய கலைவாதிகள். நாம் கேட்கிறோம்: 1987 மே மாதம் வடமராட்சியைக் குண்டுகள் உழுதபோது கூரையிழந்த வீடுகளும் அழகுதாமோ? அச்சுவர்களிற் படர்ந்த கொடிக்கும் மாலை வெயில் பொன்முலாம் பூசத்தான் செய்தது. அதற்காக, இடித்தவன் கை மறைந்துவிடுமா? வீட்டுக்காரன் அலைந்த அலைச்சல் கவிதையாகிவிடுமா?

படம் வரையாதீர் என்று நாம் சொல்லவில்லை. தேவாலயத்தை மூடியது காற்றும் மணலுமே. அதற்கு எவர்மீதும் பழியில்லை. ஆயின் இன்று வடமராட்சி கிழக்கின் மணலை லொறிகளில் அள்ளிச் செல்வது காற்றன்று, மனிதர். கடலைத் தடுத்து நிற்கும் மேடு கரைந்தால், அடுத்த அலை முதலில் நுழைவது ஏழையின் குடிசைக்குள்.

கலைஞனே, சுவரை வரை; அதனருகே குழியை வரை; குழியின் ஓரத்தில் நிற்கும் மனிதனையும் வரை. அவன் இல்லாத அழகு, அவனை அழிப்பவனுக்கே துணைநிற்கும்.