திரையில் தெரிபவளுக்கும் ஒரு பெயர் உண்டு

நெல்லிக்குப்பத்தில் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர்கள் கையில் கறுப்பு அட்டை வேதாகமம் குறைந்துகொண்டே வருகிறது. போதகர் அதிகாரத்தைச் சொன்னதும் பலர் எடுப்பது செல்போனை. விரலால் தள்ளித் தள்ளி வசனத்துக்கு வந்துவிடுகிறார்கள். பாட்டும் அதில்தான், காணிக்கையும் அதில்தான். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகு அதே போனில் வேறொன்றும் திறக்கிறது. அதைப் பற்றி மட்டும் பிரசங்க மேடையில் மூச்சு விடுவதில்லை.

நெல்லிக்குப்பம் கரும்பு ஊர். 1842இல் சர்க்கரை ஆலை வந்த இடம். அரவைக் காலத்தில் ஆலைக்கு வெளியே டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்க, ஓட்டுநர்கள் போனைப் பார்த்துப் பொழுதை ஓட்டுவார்கள். இதே கடலூர் மாவட்டத்தில்தான் நெய்வேலி. இரவு ஷிப்டு முடிந்து வந்து பகலில் தூக்கம் பிடிக்காமல் புரளும் சுரங்கத் தொழிலாளிக்கும், பிளஸ் டூ படிக்கும் அவர் பையனுக்கும் கைத்துணை போன்தான். ஒரு தலைமுறைக்கு முன்பு ‘அந்த மாதிரிப் படம்’ பார்க்க வேண்டுமென்றால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காலைக் காட்சிக்குப் போக வேண்டும். டிக்கெட் கிழிப்பவர் தெரிந்தவராக இருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும். ஊர்க் கண் ஒரு வேலியாக நின்றது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. 2020இல் கொரோனா வந்து, ஆன்லைன் வகுப்பென்று பிள்ளைகள் கையிலும் போன் ஏறியது. அந்த வேலி இருந்த இடம்கூட இப்போது தெரியவில்லை.

வீட்டிலும் சபையிலும் பேசாததை நீதிமன்றம் பேச வேண்டியதாயிற்று. சென்னை அம்பத்தூரைச் சேர்ந்த 28 வயது இளைஞர் ஒருவரின் போனில் சிறார்களைக் காட்டும் ஆபாச வீடியோக்கள் இருந்தன. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அவர்மீதான வழக்கை ரத்து செய்தார். யாருக்கும் அனுப்பாமல் தனியே பார்த்தது குற்றமாகாது என்றார். பதின்வயதில் ஆபாசப் படம் பார்க்கும் பழக்கத்துக்கு அடிமையாகிவிட்டதாக அந்த இளைஞர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். இந்தத் தலைமுறையைத் திட்டித் தீர்ப்பதைவிட அறிவுரையும் ஆலோசனையும் தருவதே சமூகத்தின் வேலை என்றும் நீதிபதி குறிப்பிட்டார்.

அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இந்தத் தீர்ப்பை மாற்றியது. தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதி ஜே.பி.பர்திவாலா அமர்வு, இத்தகைய படத்தைத் தேடிப் பார்ப்பதும் தரவிறக்குவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றமே என்றது. பகிரும் நோக்கில் அதை அழிக்காமல் வைத்திருந்தால் போக்சோ சட்டமும் பாயும். அந்தத் தீர்ப்பில் இன்னொரு உத்தரவும் உண்டு: ‘சிறார் ஆபாசப் படம்’ என்ற சொல்லையே இனி நீதிமன்றங்கள் பயன்படுத்தக் கூடாது, ‘சிறார் பாலியல் சுரண்டல், வன்கொடுமைப் பதிவு’ என்றே எழுத வேண்டும். படம் என்று சொன்னால் பார்ப்பவன் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறான். வன்கொடுமைப் பதிவு என்னும்போது, அதற்குள் இருக்கும் குழந்தை தெரிகிறது.

கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. அவர்களுடைய வேதத்திலேயே, எல்லோருக்கும் தெரிந்த கதையில் இருக்கிறது. சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்த தாவீது அரசன் அரண்மனை உப்பரிகையில் உலாவுகிறான். குளிக்கும் பெண் ஒருத்தி கண்ணில் படுகிறாள். யார் என்று விசாரிக்க ஆள் அனுப்புகிறான். வந்த பதிலில் அவள் பெயர், தகப்பன் பெயர், புருஷன் பெயர் மூன்றும் இருக்கின்றன: பத்சேபாள், எலியாமின் மகள், ஏத்தியனான உரியாவின் மனைவி. இவ்வளவும் தெரிந்த பிறகும் அவன் நிற்கவில்லை. கதை உரியாவின் கொலையில் போய் முடிகிறது. பிறகு நாத்தான் தீர்க்கதரிசி அரசனைத் தேடி வருகிறார். கண்ணடக்கம் பற்றி அவர் வகுப்பு எடுக்கவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிச் சமைத்த பணக்காரனின் கதையைச் சொல்கிறார். அவர் சாட்டும் குற்றம் திருட்டு.

சபைகளில் இந்தக் கதை பெரும்பாலும் பாதியோடு நின்றுவிடுகிறது. வாலிபர் கூட்டத்தில் என்றைக்காவது பேச்சு எழுந்தாலும், ‘உன் பரிசுத்தத்தைக் காத்துக்கொள்’ என்பதோடு முடிந்துவிடும். அந்தப் பேச்சில் பார்ப்பவனின் ஆத்துமாவைப் பற்றிய கவலை மட்டும் இருக்கிறது, பார்க்கப்படுகிறவள் இல்லை. இன்றைய போன் எல்லோர் கையிலும் இருக்கும் ஓர் உப்பரிகை. ஒரு வித்தியாசம், இங்கே யார் என்று கேட்டாலும் பதில் வராது. காசுக்காக நடித்தவளா, காதலனை நம்பிக் கேமராவுக்கு முன் நின்றவளா, மிரட்டிப் படம் எடுக்கப்பட்டவளா என்று திரை காட்டிக்கொடுப்பதில்லை.

பொள்ளாச்சியை மறந்துவிட முடியாது. நட்பாகப் பேசி இளம்பெண்களை வரவழைத்து, வன்கொடுமை செய்து, அதை வீடியோ எடுத்து, அந்த வீடியோவைக் காட்டியே மறுபடி மறுபடி மிரட்டிய கும்பல் 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அப்படிப்பட்ட வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தபோது திறந்து பார்த்துவிட்டு, ‘அடப்பாவமே’ என்று சொல்லி நாலு பேருக்கு அனுப்பியவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். கோயிலுக்குப் போகிறவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இச்சையோடு பார்ப்பவன் உள்ளத்தில் விபசாரம் செய்தாயிற்று என்று சொன்ன கையோடு, இடறச் செய்யும் கண்ணைப் பிடுங்கிப் போடச் சொல்கிறார். பெண்ணை முக்காடு போடச் சொல்லவில்லை. எந்தக் குற்றம் நடந்தாலும் ‘அவள் ஏன் அந்த நேரத்தில் போனாள், ஏன் அப்படி உடுத்தினாள்’ என்று கேட்கும் சமூகத்தில், பொறுப்பு முழுவதையும் பார்க்கிறவன் கண்மீது வைத்த போதனை அது.

‘இது மதக்காரர்களின் ஒழுக்கப் போலீஸ் வேலை இல்லையா?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வயது வந்தவர்களைக் காட்டும் ஆபாசத்தைத் தனிமையில் பார்ப்பது இந்தியச் சட்டப்படி குற்றமல்ல. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், மனைவி ஆபாசப் படம் பார்க்கிறாள் என்று கணவர் கேட்ட விவாகரத்தை நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், ஆர்.பூர்ணிமா அமர்வு மறுத்தது. இத்தகைய படங்கள் பெண்களை இழிவுபடுத்துகின்றன, அறநோக்கில் நியாயப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டு, அறம் வேறு, சட்ட மீறல் வேறு என்று நீதிபதிகள் பிரித்துக் காட்டினார்கள். சபைகளுக்கு உரிய இடம் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. சட்டம் கைவைக்க முடியாத இடத்தில் மனச்சாட்சிதான் வேலை செய்ய வேண்டும். இந்தப் பழக்கம் ஆண்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணிப் பிரசங்கிப்பதும் தவறு என்பதை அந்த வழக்கே சொல்கிறது.

அரசுத் தடையை நம்பியும் உட்கார முடியாது. 2015 ஆகஸ்டில் மத்திய அரசு 857 ஆபாசத் தளங்களை முடக்கியது. எதிர்ப்பு வந்ததும் சில நாள்களிலேயே பின்வாங்கியது. 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து 827 தளங்கள் முடங்கின. தடையைத் தாண்ட விபிஎன் என்ற சொல்லைப் பள்ளிப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். கடையைப் பூட்டச் சொல்வதைவிட, முதலாளியின் வருமானத்தைக் கேள்வி கேட்டது பலித்திருக்கிறது. அமெரிக்காவில் எக்ஸோடஸ் க்ரை என்ற கிறிஸ்தவ அமைப்பிலிருந்து தொடங்கிய பிரசாரமும், 2020 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் வந்த நிக்கோலஸ் கிறிஸ்டாஃபின் கட்டுரையும் ஒரே குற்றச்சாட்டை வைத்தன: சிறார்களையும் வன்கொடுமைக்கு ஆளானவர்களையும் காட்டும் வீடியோக்களால் போர்ன்ஹப் காசு பார்க்கிறது. விசாவும் மாஸ்டர்கார்டும் கையை விரித்தன. சில நாள்களில் அந்தத் தளம், யார் ஏற்றியது என்று உறுதிசெய்யப்படாத வீடியோக்களை லட்சக்கணக்கில் நீக்கியது. பிரசாரம் செய்தவர்கள் கேட்டதும் தாவீது கேட்ட கேள்விதான்: இவள் யார்? பதிலைக் கேட்ட பிறகு கார்டு நிறுவனங்கள் நின்றன.

மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முன் சபை தன் வீட்டைப் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் ரோமில் குருக்களிடமும் குருமாணவர்களிடமும் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், இந்தப் பழக்கம் பொதுநிலையினரிடம் மட்டுமல்ல, குருக்களிடமும் கன்னியரிடமும் இருக்கிறது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். போனிலிருந்து அதை நீக்கிவிடச் சொன்னார். நமக்கு அருகிலேயே திட்டக்குடி இருக்கிறது. இரண்டு பள்ளிச் சிறுமிகளைப் பாலியல் தொழிலில் தள்ளிச் சீரழித்த வழக்கில் 2019 ஜனவரியில் கடலூர் மகளிர் நீதிமன்றம் தண்டித்தவர்களில் ஒரு போதகரும் உண்டு. அங்கி அணிந்ததால் மட்டும் கண் சுத்தமாகிவிடுவதில்லை.

பழக்கத்தில் சிக்கியவனுக்குச் சபை இன்று என்ன வழி வைத்திருக்கிறது? உபவாசக் கூட்டத்தில் மண்டியிடலாம். ஐயரிடமோ ஃபாதரிடமோ மனம்விட்டுச் சொல்லலாம் என்றால், அடுத்த ஞாயிறு அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம் தடுக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜோஷுவா க்ரப்ஸின் ஆய்வுகள் ஒன்றைக் காட்டுகின்றன: மற்றவர்கள் அளவுக்கே பார்த்தாலும், இது பாவம் என்று நம்புகிறவர்கள் தங்களை மீள முடியாத அடிமைகளாக எண்ணுவது அதிகம். குற்றவுணர்வை ஊதிப் பெரிதாக்கும் பிரசங்கம் அவனை மறுபடி அந்தத் தனியறைக்கே விரட்டலாம். அடக்க முடியாத பாலியல் நடத்தையை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு ஜெபமும் செய்து மாத்திரையும் போடுகிறவர்கள், இதற்கு மட்டும் மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை எளியவை. வேதத்தில், போத்திபாரின் வீட்டில் எஜமானின் மனைவி பிடித்து இழுத்தபோது யோசேப்பு வாதாடிக்கொண்டு நிற்கவில்லை; மேலாடையை விட்டுவிட்டு ஓடினான். இரவில் போனைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கப் போவது அந்த ஓட்டத்தின் இன்றைய வடிவம். பெற்றோர் முதலில் தங்கள் போனை அங்கே வைக்கட்டும். பிள்ளைகள் பின்னால் வருவார்கள். ஓய்வுநாள் பள்ளியிலும் மறைக்கல்வி வகுப்பிலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, வருடத்தில் ஒரு நாளாவது ஒரு மருத்துவர் வந்து பேசட்டும். நம்பகமான ஓர் அண்ணன், ஓர் அக்கா, விழுந்தால் எந்த நேரத்திலும் கூப்பிடக் கூடியவர், ஒவ்வொரு இளைஞருக்கும் வேண்டும். தன் படம் வெளியாகிவிட்டது என்று அழுதுகொண்டு வரும் பெண்ணிடம் ‘நீ ஏன் அனுப்பினாய்’ என்று கேட்காமல், முதலில் புகார் கொடுக்க உடன் போக வேண்டும். அந்தரங்கப் படம் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 2 மணி நேரத்தில் சமூக வலைத்தளங்கள் நீக்க வேண்டும் என்று, 2026இல் திருத்தப்பட்ட 2021ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

வரும் ஞாயிறு ஒரு சின்ன வேலை செய்யலாம். ஒவ்வொரு ஆலயத்தின் அறிவிப்புப் பலகையிலும் கல்யாண ஓலைகளுக்கும் கன்வென்ஷன் நோட்டீஸுக்கும் நடுவே இரண்டு எண்களைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: இணையக் குற்றப் புகாருக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098.