பஸ் ஏறியாச்சா, அப்ப பொருள் அவருக்குத்தான்

"அண்ணாச்சி, இருக்கா?"

ஆன்லைன்ல ஒரு பழைய பொருளை விக்கப் போட்ட யாருக்கும் இந்தக் கேள்வி தெரியாம இருக்காது. இருக்குங்க, இருக்கறதாலதானே போட்டிருக்கேன்! சரின்னு பொறுமையா "இருக்கு"ன்னு பதில் போட்டா அதோட ஆளு மாயம். ரெண்டு நாள் கழிச்சு இன்னொருத்தர், அதே "இருக்கா?". போன வருஷம் வீட்டுல கிடந்த பழைய ஃபிரிட்ஜைப் போட்டேன். "இருக்கா" கேட்டவங்க பதினேழு பேர். "கடைசியா என்ன விலை?"ன்னு கேட்டவங்க ஒன்பது பேர். "நாளைக்கு வாரேன்"ன்னு சொன்னவங்க நாலு பேர். வந்தவர் ஒருத்தர். அவரும் வாசல்ல நின்னுக்கிட்டு, போன்ல பேசி முடிச்ச விலையில ஆயிரம் ரூபா குறைக்கச் சொன்னார். என்ன கொடுமை சார் இது!

நம்ம தென்காசிப் பக்கம் ஒரு வீட்டுல இருந்து கிளம்பும்போது "போறேன்"னு சொல்ல மாட்டோம், "வாரேன்"ன்னுதான் சொல்லுவோம். இந்த ஆளுங்களும் அந்த அர்த்தத்துலதான் "வாரேன்" சொல்லுறாங்கன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

இதுல மனுஷங்களை மட்டும் குறை சொல்லவும் முடியலை. முன்னாடி பேப்பர்ல வரி விளம்பரம் குடுத்தா வரிக்கு இவ்வளவுன்னு காசு கட்டணும். அதைப் பாத்து விசாரிக்கிறவனும் பூத்துல ஒரு ரூபா காயினைப் போட்டுத்தான் பேசணும். ரெண்டு பக்கமும் கொஞ்சம் செலவு இருந்துச்சு, அதனால வெட்டிப்பேச்சு கம்மி. 2016-ல ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதுல "இது இன்னும் இருக்கா?"ங்கிற கேள்வியை அவங்களே எழுதி ரெடியா வச்சிருந்தாங்க. ஒரு தட்டு தட்டினா போயிடும். கேக்குறவனுக்கு அரை விநாடி வேலை. விக்கிறவனோ அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் வீட்டை விட்டு வெளிய போகாம உக்காந்திருப்பான்.

சரி, ஃபிரிட்ஜ் போனா போகுது. குற்றாலத்துல சீசனுக்கு வீடு விடுறவங்க பாடு இதைவிட மோசம். ஜூன்ல சாரல் விழ ஆரம்பிச்சா ஆகஸ்ட் வரைக்கும்தான் அவங்களுக்கு வருமானம். ஐந்தருவி ரோட்டுல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் தன்னோட மாடி வீட்டை இப்படி விளம்பரம் போட்டு விடுறார். மதுரையில இருந்து ஒரு குடும்பம், பன்னெண்டு பேர், சனி ஞாயிறு ரெண்டு நாளும் வேணும்னு போன்ல பேசி முடிச்சாங்க. இவர் பாயெல்லாம் வெயில்ல போட்டு, சிலிண்டர் மாத்தி, தொட்டி கழுவி வச்சார். நடுவுல கேட்ட மூணு பேரை "ஆள் இருக்கு"ன்னு திருப்பி அனுப்பினார். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் யாரும் வரலை. போன் பண்ணினா எடுக்கலை. சாயங்காலம் ஒரு மெசேஜ்: "அருவியில தண்ணி கம்மின்னு சொன்னாங்க, அதான் வரலை." காலையில ஆறு மணிக்கு இதைச் சொல்லியிருந்தா அந்த மூணு பேர்ல ஒருத்தருக்காவது வீடு போயிருக்கும்.

தண்ணி இல்லைன்னு வராம இருக்கறது தப்புன்னு நான் சொல்லலை. அருவியை நம்பி கிளம்புறவங்களுக்கு அருவிதான் கணக்கு. தண்ணி ஜாஸ்தியானாலும் குளிக்கத் தடை போட்டுருவாங்க. 2024 மே 17-ல பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து ஒரு பையன் உயிரே போச்சு. அந்த மாதிரி நேரத்துல யார் வருவா? காரணம் நியாயமாவே இருக்கட்டும். அதைச் சொல்றதுக்கு ஒரு போன் போதும்ல? அதைத்தான் கேக்குறேன்.

இவ்வளவு பேசுற நான் யோக்கியனான்னு கேட்டா, இல்லை. அதைச் சொல்லத்தான் எழுத உக்காந்தேன்.

நாலஞ்சு வருஷம் முன்னாடி வீட்டம்மாவோட பழைய தையல் மிஷினை விக்கப் போட்டேன். காலால மிதிக்கிறது, நல்ல கண்டிஷன். 3,500 ரூபா போட்டிருந்தேன். புளியங்குடியில இருந்து ஒருத்தர் பேசினார். மகளுக்கு வேணும்னார். விலையே குறைச்சுக் கேக்கலை. "செவ்வாய்க்கிழமை காலையில வாரேன் தம்பி, யாருக்கும் குடுத்துறாதீங்க"ன்னார். "வாங்கண்ணாச்சி, உங்களுக்குத்தான்"னு நானும் சொன்னேன். திங்கட்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு உள்ளூர்க்காரர் ஒருத்தர் வந்தார், நாலாயிரம் தாரேன்னார், கையில காசு. குடுத்துட்டேன். புளியங்குடிக்காரருக்குக் காலையில சொல்லிக்கலாம்னு நினைச்சு, மறந்து... இல்லை, மறக்கலை. சொல்லச் சங்கடமா இருந்துச்சு, தள்ளிப் போட்டேன். அவ்வளவுதான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வாசல்ல நிக்கிறார். கூட மகளும். கையில ஒரு கோணி, கட்டுறதுக்குக் கயிறு. கடையநல்லூர் தாண்டி பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்காங்க. விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டலை. "பரவால்ல தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மகளாவது வேலைக்குப் போயிருப்பா"ன்னார். வீட்டம்மா காபி போட்டுக் குடுத்தா. அந்தப் பொண்ணு குடிக்கலை. ரெண்டு பேரும் கோணியை மடிச்சு எடுத்துக்கிட்டுப் போனாங்க. எனக்குக் கூடுதலாக் கிடைச்சது ஐநூறு ரூபா.

சட்டப்படி நான் மாட்டுவேனான்னு அப்புறம் கொஞ்சம் தேடிப் பாத்தேன் (குற்ற உணர்ச்சி வந்தா நாம சட்டத்தைத்தான் தேடுவோம், ஹி ஹி). இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல வந்தது. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், எழுத்துல இருக்கணும்னு இல்லை. ஆனா "பாத்துட்டு வாங்கிக்கிறேன்"னு அவர் சொல்றதும், "அதுவரைக்கும் வச்சிருக்கேன்"னு நான் சொல்றதும் அவ்வளவு சுலபமா அதுல சிக்காது. பதிலுக்கு ஒண்ணும் வாங்காம "வச்சிருக்கேன்"னு சொன்னதை, எதிராளி சரின்னு ஏத்துக்கிறதுக்கு முன்னாடி திரும்ப எடுத்துக்கலாம். அப்புறம் சரக்கு விற்பனைச் சட்டம், 1930. அதுல 64-வது பிரிவு ஏலத்தைப் பத்திப் பேசுது. சுத்தியல் விழுந்தாத்தான் விற்பனை முடிஞ்சுது, அது விழற வரைக்கும் கேட்டவன் தன் கேள்வியை வாபஸ் வாங்கிக்கலாம். நம்ம ஊர்ல சுத்தியல் கிடையாது, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்"தான். ஆனா மூணு தரம் சொல்லியாச்சுன்னா அப்புறம் பேச்சே கிடையாது.

ஆன்லைன் வியாபாரத்துல அந்த மூணாவது தரம் எப்ப? யாருக்கும் தெரியாது. அதனாலதான் இவ்வளவு வம்பும். என்னைக் கேட்டா, வாங்குறவர் "பஸ் ஏறிட்டேன்"னு சொல்றாரே, அதுதான் மூணாவது தரம். அவர் தன் காசையும் நேரத்தையும் செலவு பண்ண ஆரம்பிச்ச நிமிஷத்துல இருந்து அந்தப் பொருளை வேற ஆளுக்கு விக்கிற உரிமை எனக்குப் போச்சு. பத்தாயிரம் கூடக் குடுத்தாலும் சரி.

நம்ம பெரியவங்க இதுக்குன்னே ஒரு வழி வச்சிருந்தாங்க. அச்சாரம். மாட்டுச்சந்தையில துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. படிஞ்சுதுன்னா கையில ஏதோ கொஞ்சம் பணம் வைக்கிறது. தொகை பெருசா இருக்காது. ஆனா அதை வாங்கிட்டா விக்கிறவன் வேற ஆளுகிட்ட மாட்டைக் காட்ட மாட்டான், குடுத்தவன் வரலைன்னா அந்தக் காசு போனதுதான். பேச்சுக்கு ஒரு கனம் வந்துரும். (அச்சாரம்னதும் எனக்கு நம்ம கோயில் ஞாபகம் வருது. 15-ஆம் நூற்றாண்டுல தென்காசிக் கோயிலைக் கட்டின பராக்கிரம பாண்டியன், பின்னாடி என்னிக்காவது இதைச் செப்பனிடப் போறவங்க யாரா இருந்தாலும் அவங்க கால்ல இப்பவே விழுறேன்னு கல்வெட்டுலயே சொல்லி வச்சார். முகம் தெரியாத ஆளுக்கு ராஜா குடுத்த அச்சாரம்!)

அப்ப ஆன்லைன்லயும் அச்சாரம் வாங்கிட்டாப் போச்சு, ஐநூறு அனுப்பச் சொல்லு, தீர்ந்துச்சுன்னு தோணும். அங்கதான் சிக்கல். அந்த அச்சாரத்தை ஏமாத்துக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. "ராணுவத்துல இருக்கேன், டிரான்ஸ்ஃபர் வந்துருச்சு, வண்டியைப் பாதி விலைக்குத் தாரேன், முன்பணம் அனுப்புங்க"ன்னு அடையாள அட்டை போட்டோவோட வருவான். அனுப்பினா வண்டியும் வராது, ஆளும் இல்லை. விக்கிறவனையும் விடுறதில்லை. 2021 பிப்ரவரியில, அப்ப டெல்லி முதல்வரா இருந்த அரவிந்த் கெஜ்ரிவாலோட மகள் ஒரு பழைய சோபாவை ஆன்லைன்ல விக்கப் போட்டாங்க. வாங்குறேன்னு வந்தவன் முதல்ல ஒரு சின்னத் தொகையை அனுப்பி நம்ப வச்சான். அப்புறம் கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொல்லி 34,000 ரூபாயை உருவிட்டான். முதலமைச்சர் வீட்டுக்கே அந்தக் கதின்னா நாமெல்லாம் எந்த மூலைக்கு? பணம் வாங்குறதுக்கு எந்தக் கோடையும் ஸ்கேன் பண்ண வேண்டாம், பின் நம்பரும் போட வேண்டாம், இதை மட்டும் வீட்டுப் பெரியவங்களுக்குச் சொல்லி வைங்க. போயிருச்சுன்னா உடனே கூப்பிட வேண்டிய சைபர் கிரைம் நம்பர் 1930. சரக்கு விற்பனைச் சட்டம் வந்த வருஷமும் 1930. நல்லாப் பொருந்துது!

ஆக, முன்பணம் கேட்டா நம்மளைத் திருடன்ங்கிறான், கேக்காட்டி அவன் வர மாட்டேங்கிறான். அந்த ஐந்தருவி ரோட்டு அண்ணாச்சி இப்ப முன்பணம் கேக்க ஆரம்பிச்சிருக்கார். பாதிப் பேர் "வீடு நிஜமாவே இருக்கான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"ங்கிறாங்களாம். அவங்க கேக்குறதும் நியாயம்தான். இவர் இப்ப வீடியோ காலைப் போட்டு மாடியில இருந்து மெயின் அருவி ரோட்டுக் கடைகள் வரைக்கும் நடந்தே காட்டுறார். காலக்கொடுமை.

காசை அச்சாரமா வைக்க முடியாத இடத்துல வார்த்தையைத்தான் வச்சாகணும். அதனால நான் இப்ப ஒரு மாதிரி நடந்துக்கிறேன். "வாரேன்"னு சொல்றவர்கிட்ட நாளும் நேரமும் கேட்டுக்குவேன். "இந்த வாரத்துல ஒரு நாள்"னா அது கணக்குல சேராது. நேரம் சொல்லிட்டார்னா அந்த நேரம் வரைக்கும் பொருள் அவருக்கு, நடுவுல கேக்குறவங்ககிட்ட "ஒருத்தர் வர்றாரு, வரலைன்னா கூப்பிடுறேன்"னு உள்ளதைச் சொல்லிருவேன். கிளம்பும்போது ஒரு போன் பண்ணச் சொல்லுவேன். பொருள்ல இருக்கற கீறலு, ஒட்டு, சத்தம் எல்லாத்தையும் போன்லயே சொல்லிருவேன். அதனால வந்து பாத்துட்டு விலை குறைக்கிற வேலை இருக்கக் கூடாது. நான் சொல்லாத ஒரு குறையை அவர் கண்டுபிடிச்சா குறைக்கட்டும், அது அவர் உரிமை. சும்மா "கொஞ்சம் பாத்துப் போடுங்க"ன்னா, அதைப் போன்லயே கேட்டிருக்கணும்.

பைக்கா இருந்தா காசு கைமாறினதோட முடியாது. நிறைய பேர் ஃபார்ம் 29, 30-ல கையெழுத்தைப் போட்டு நீட்டிட்டு "பேரை மாத்திக்கோங்க"ன்னு அனுப்பிருவாங்க. வாங்கினவன் மாத்த மாட்டான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள்ளன்னா வித்தவர் 14 நாளைக்குள்ள தகவல் சொல்லணும், வாங்கினவர் 30 நாளைக்குள்ள சொல்லணும். பேர் மாறாத வண்டி விபத்துல மாட்டினா, பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்புன்னு 2018-ல உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு. அதனால டிஎன் 76 வண்டியை உள்ளூர் ஆளுக்கு வித்தாலும், பேர் மாறுற வரைக்கும் விடாம நச்சரிக்கிறதுதான் சரி. அவர் கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

இப்ப ஒரு மரக்கட்டிலை விக்கப் போட்டிருக்கேன். செங்கோட்டையில இருந்து ஒருத்தர் ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்குக் குட்டியானை எடுத்துட்டு வாரேன்னு சொல்லியிருக்கார். நேத்து ராத்திரி மேலகரத்துல இருந்து இன்னொருத்தர் கூப்பிட்டு, எழுநூறு கூடத் தாரேன், இப்பவே வாரேன்னார். வீட்டம்மா என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. ஞாயித்துக்கிழமை பத்தரைக்குக் கூப்பிடுறேன்னு சொல்லி போனை வச்சேன். செங்கோட்டைக்காரர் வருவாரா மாட்டாரா தெரியலை. கட்டிலைத் துடைச்சு வாசல் பக்கமா நகர்த்திப் போட்டாச்சு.