சிவப்புப் புட்டியும் வரலாற்றுத் துல்லியமும்

28 மில்லிமீட்டர் உயரத்தில் ஓர் உரோமப் படைவீரன். உலோகத்தில் வார்த்தவன், அல்லது பிளாஸ்டிக்கில். அவனுக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள் நுணுக்கத்திற்குப் பேர்போனவர்கள். வாளுறையின் பித்தளைப் பட்டை எந்தப் பேரரசன் காலத்தியது என்று இரவெல்லாம் வாதிடுவார்கள். ஆனால், அடிப்பூச்சு உலர்ந்ததும் அதே கைகள் யோசனையின்றி எடுப்பது சிவப்புப் புட்டியைத்தான். அங்கி சிவப்பு, கேடயம் சிவப்பு, தலைக்கவசத்தின் சிகையும் சிவப்பு. நூறு வீரர்களுக்கும் ஒரே புட்டி. இதற்கு அவர்கள் இட்டுக்கொண்ட பெயர் வரலாற்றுத் துல்லியம்!

'பொம்மைதானே, விட்டுவிடுங்களேன்' என்பார் உண்டு. பொம்மை என்று தீட்டுகிறவரோடு எனக்கு வழக்கில்லை. துல்லியம் என்று சொல்லித் தீட்டுகிறவரோடுதான் வழக்கு.

1964ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் மண்ணுக்கடியிலிருந்த ஒரு மரப்பெட்டியில் இரும்புப் பட்டைக் கவசத்தின் பாகங்கள் கிடைத்தன. அவற்றைக் கொண்டு ரஸ்ஸல் ராபின்சன் அக்கவசத்தை மீட்டமைத்தார். அதுவரை டிராஜன் தூணின் சிற்பங்களைப் பார்த்து ஊகித்த வடிவங்கள் விலகின. சிற்றுருவங்களின் அச்சுகளும் மாறின. நல்லது. இரும்பின் சாட்சியம் இப்படி ஏற்கப்படும்போது கம்பளியின் சாட்சியம் மட்டும் ஏன் வாசலில் நிற்கிறது?

அந்தச் சாட்சியம் இதுதான். கி.பி. 138இல் எகிப்தின் பிலடெல்பியா ஊர் நெசவாளருக்கு, கப்படோசியாவிலிருந்த படைக்காகத் துணி நெய்ய முன்பணம் தரப்பட்டது. அந்தப் பாப்பிரஸ் ஏடு நமக்குக் கிடைத்திருக்கிறது. அங்கியும் மேலாடைகளும் அழுக்கற்ற தூய வெண் கம்பளியில் இருக்க வேண்டும் என்கிறது ஏடு. அளவும் எடையும்கூட அதில் உண்டு. சிவப்பு இல்லை.

சிவப்பே கிடையாது என்பது என் கட்சியன்று. மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரில் சாயமேற்றும் கலை உரோமருக்குத் தெரியும். சிரியாவின் துரா யூரோபோஸில் கிடைத்து இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் மூன்றாம் நூற்றாண்டுக் கேடயத்தின் தளம் சிவப்பேதான். ஆனால் ஒரு கேடயத்திலிருந்து ஒரு பேரரசின் சீருடையைத் தைக்க முடியாது. நாம் காணும் அந்த ஒரே சிவப்பு 1959இல் வந்த 'பென்ஹர்' போன்ற படங்களின் திரையிலிருந்தும், நவீன அரசுகளின் அணிவகுப்பு மைதானங்களிலிருந்தும் இறங்கி வந்தது.

உண்மையில் அந்தச் சட்டைக்குப் பணம் கொடுத்தவன் யார்? கி.பி. 14இல் பனோனியாவில் படைகள் கலகம் செய்தன. தாசிட்டஸ் பதிவுசெய்யும் முறையீடு இது: ஒரு நாள் உயிருக்கு விலை பத்து ஆஸ் காசு, உடை, ஆயுதம், கூடாரம் எல்லாம் அதிலிருந்தே. தன் கூலியில் சட்டை வாங்கியவன் அதை நைந்துபோகும்வரை உடுத்தியிருப்பான், ஒட்டுப் போட்டிருப்பான். விண்டோலாந்தாவில் கிடைத்த மரப்பலகைக் கடிதம் ஒன்று, காலுறைகளும் இரண்டு இணைச் செருப்பும் இரண்டு உள்ளாடைகளும் அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது. பிரிட்டனின் குளிரில் நடுங்கிய அந்த மனிதனை வெறுங்காலோடும் புத்தம்புதிய சிவப்போடும் நிறுத்துவது அவனுக்குச் செய்யும் மரியாதையா? அவன் வறுமையை மறைத்துப் பேரரசுக்கு நாம் போடும் கும்பிடு அது.

ஏட்டில் சிதைந்த அடிகளைப் புள்ளியிட்டுப் பதிப்பித்தவர்கள் நம் முன்னோர். தம் கவிதையை அங்கே நுழைக்கவில்லை. வண்ணம் தீட்டுகிறவரால் புள்ளியிட முடியாது. ஏதோ ஒரு நிறத்தைப் பூசியே ஆகவேண்டும். ஆனால் பத்து வீரருக்குப் பத்து வெண்மை கலக்கலாமே! ஒருவனுக்கு வெள்ளையோடு சற்றே காவி, இன்னொருவனுக்குப் பழுப்பு, மற்றொருவனுக்கு வெளுத்துப்போன சிவப்பு. விளிம்புகளில் நீர்த்த மண்ணிறம். 'இதை நான் முழுதும் அறியேன்' என்று தூரிகை ஒப்புக்கொள்ளும் முறை அது. அந்த ஒப்புதலே துல்லியம்.

இன்னொன்றும் உண்டு. கி.பி. 9இல் வாருஸின் போரில் மாண்ட நூற்றுவர் தலைவன் மார்க்குஸ் கேலியுஸின் நினைவுக்கல் பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதக்கங்களோடு நிற்கும் அவனுக்கு இருபுறமும் இரண்டு தலைகள். அவன் விடுதலை செய்த அடிமைகள். பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன: பிரிவாத்துஸ், தியாமினுஸ். கல்தச்சன் அவர்களை விட்டுவிடவில்லை. நம் சிற்றுருவப் பெட்டிகளில் கோவேறு கழுதையை நடத்தியவனும் மாவரைத்தவனும் அரிதாகவே தென்படுகிறார்கள், வாங்குவோரும் கேட்பதில்லை.

சிவப்புப் புட்டியைச் சிறிது காலம் மூடி வையுங்கள். முதலில் அந்த இருவருக்கும் வண்ணம் தீட்டுங்கள்.