ஆபத்துக்கு ஓடி வருபவர்கள் அடுத்து எங்கே போவது?

1960-களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் ஓடிய ஆம்புலன்ஸ்களில் ஏறத்தாழ பாதி, இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. ஒரு மனிதரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. நோயாளி பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் அவர்களுக்கு வருமானம் உண்டு என்பது கசப்பான வேடிக்கை.

பிட்ஸ்பர்க் நகரில் இந்த வேலையைப் போலீஸ் வேன் செய்தது. பின்பக்கம் ஸ்ட்ரெச்சரை ஏற்றிவிட்டு, போலீஸ்காரர்கள் முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள். பின்னால் கிடப்பவருக்கு மூச்சு ஓடுகிறதா என்று பார்க்க ஆள் கிடையாது. 1966 நவம்பரில் பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் தேர்தல் கூட்டத்தில் சுருண்டு விழுந்தபோது அவரைக் கொண்டுபோனதும் அப்படியொரு வண்டிதான். அதே மாதம் அவர் இறந்தார். நின்றுபோன இதயத்தை நெஞ்சை அழுத்தி இயக்கும் சிபிஆர் முறையை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவரான மருத்துவர் பீட்டர் சஃபார் அந்த ஊரில்தான் இருந்தார். அதே ஆண்டு அவர் தன் மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்திருந்தார். மருத்துவமனைக்கு வந்து சேருவதற்கு முன் நடப்பதே உயிரைத் தீர்மானிக்கிறது என்பது அவருக்குப் பாடப்புத்தகத்தில் படித்த செய்தி அல்ல.

1967-இல் அவரும், ஒரு காலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியவரும் அப்போது அறக்கட்டளை ஒன்றை நடத்தி வந்தவருமான ஃபில் ஹாலனும் கைகோத்தார்கள். 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை பிறந்தது. ஆள் எடுத்த இடம்தான் எல்லாரையும் புருவம் உயர்த்த வைத்தது. ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பில் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களை அழைத்தார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள், சிறை பார்த்தவர்கள் எல்லாம் அதில் அடக்கம். 'வேலைக்கு லாயக்கில்லாதவர்கள்' என்று நகரம் ஒதுக்கி வைத்தவர்கள் இவர்கள். சஃபார் அவர்களுக்குச் சுமார் 300 மணி நேரப் பயிற்சி கொடுத்தார். உடற்கூறியல், மூச்சுக்குழாயைத் திறந்து வைப்பது, சிபிஆர், அவசரப் பிரசவம் என்று எதுவும் விடுபடவில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வேறு எந்த ஆம்புலன்ஸ் ஊழியருக்கும் இந்த அளவு பயிற்சி கிடைத்ததில்லை என்றே சொல்லலாம். 1974-இல் வந்து சேர்ந்த மருத்துவர் நான்சி கரோலின் அவர்களோடு வண்டியிலேயே சுற்றினார். பின்னர் அவர் எழுதிய பாடநூல் நாடு முழுவதும் பாராமெடிக்குகளுக்கு அடிப்படை நூலானது.

இதுவரை கதை நன்றாகத்தான் போகிறது. 1975-இல் பிட்ஸ்பர்க் மாநகராட்சி சொந்தமாக ஆம்புலன்ஸ் சேவை தொடங்கி, அக்டோபரில் ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. பழைய ஊழியர்களைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள், சேர்த்தும் கொண்டார்கள். பிறகு தேர்வு வைத்தார்கள், பழைய வழக்குகளைத் தோண்டினார்கள், அவர்களைவிட அனுபவம் குறைந்த வெள்ளையர்களுக்குக் கீழே வேலை பார்க்க வைத்தார்கள். பலர் வெளியேறினர். எஞ்சியவர்களில் ஒருவர் ஜான் மூன். மருத்துவமனையில் ஆர்டர்லியாக இருந்தபோது, ஃப்ரீடம் ஹவுஸ் ஆட்கள் நோயாளியோடு கம்பீரமாக உள்ளே நுழைவதைப் பார்த்து இந்த வேலைக்கு வந்தவர். அவர் பிட்ஸ்பர்க் அவசர மருத்துவ சேவையின் உதவித் தலைவர் வரை உயர்ந்து 2009-இல் ஓய்வு பெற்றார். இன்னொருவரான மிட்செல் பிரவுன் ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரின் பொதுப் பாதுகாப்பு இயக்குநரானார். இவர்களால் முடிந்தது மற்றவர்களால் முடியாமல் போனதற்குத் திறமைக் குறைவு காரணம் அல்ல. மேலே ஏறும் வழியை நிறுவனமே அடைத்தது.

ஆபத்துதவிப் பணிக்கு எங்கிருந்து ஆள் எடுக்கிறோம் என்பதைப் பற்றி உலகம் நிறைய யோசித்திருக்கிறது. எடுத்தவர்களை எங்கே கொண்டு சேர்க்கிறோம் என்பதைப் பற்றித்தான் போதுமான அளவு யோசிக்கவில்லை.

முதல் கேள்விக்கு அழகான விடை சொன்னவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். 1824-இல் எடின்பரோ நகரம் தன் தீயணைப்புப் படையை ஒப்படைத்தபோது அவருக்கு வயது 24. கட்டடத் தொழில் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. கூரை வேய்பவர்கள், தச்சர்கள், கொத்தனார்கள், குழாய் வேலை பார்ப்பவர்கள், கொல்லர்கள் என்று தேடிப் பிடித்துச் சேர்த்தார். கூரை வேய்பவருக்கு உயரத்தில் கால் நடுங்காது. எரியும் வீட்டில் எந்தச் சுவர் எப்போது சரியும் என்று கொத்தனாருக்குத் தெரியும். 1833-இல் லண்டனுக்குப் போன பிறகு அவருக்குக் கடலோடிகள் மீது பிரியம் வந்தது: கயிறும் உயரமும் பழகியவர்கள், இரவு பகல் பாராமல் கட்டளைக்குக் கட்டுப்படுபவர்கள். 1861-இல் டூலி தெரு தீ விபத்தில் சுவர் இடிந்து விழுந்து பிரெய்ட்வுட் இறந்தார். அடுத்து வந்த மாசி ஷாவும் கடலோடிகளையே எடுத்தார். ஜெர்மனியின் ஏற்பாடு வேறு. அங்கே முழுநேரத் தீயணைப்புப் படை உள்ள நகரங்கள் நூற்றுச் சொச்சம்தான். மற்ற ஊர்களில் ரொட்டிக் கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் மணி அடித்ததும் சீருடையை மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே தீயணைப்பாளர் ஆக வேண்டுமானால் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பொதுத் தேர்வை எழுத வேண்டும். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே தேர்வு. பத்தாம் வகுப்பு போதும் என்றாலும் பொறியியல் பட்டதாரிகளும் வரிசையில் நிற்கிறார்கள். எழுத்துத் தேர்வில் பொது அறிவும் உளவியலும். மைதானத்தில் 1,500 மீட்டர் ஓட்டமும் கயிறு ஏறுதலும். கிணற்றில் மூழ்கித் தேடத் தெரியுமா, மின்சார வேலை தெரியுமா, ஒரு சுவரைத் தட்டிப் பார்த்து அதன் பலத்தைச் சொல்ல முடியுமா என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. பிரெய்ட்வுட் இன்று இங்கே தேர்வாளராக வந்தால் கொஞ்சம் குழம்பிப் போவார். இத்தனைக்கும், தீயணைப்புத் துறையின் 101 எண்ணுக்கு வரும் அழைப்புகள் தீயோடு நிற்பதில்லை. கிணற்றில் விழுந்த மாடு, சமையலறையில் புகுந்த சாரைப் பாம்பு, உள்ளே தாழிட்டுக்கொண்ட குழந்தை, வீங்கிய விரலில் சிக்கிய மோதிரம் என்று எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகிறது.

ஏணியைப் பாருங்கள். அடியில் ஏறுபவர் தீயணைப்பாளர். நிலைய அலுவலர் பதவிக்குப் பட்டதாரிகளை நேரடியாக எடுக்க வேறொரு தேர்வு. மாவட்ட அலுவலர் ஆகக் குரூப் 1 தேர்வு. உச்சியில் ஐபிஎஸ் அதிகாரி. ஒவ்வொரு தளத்துக்கும் வெளியிலிருந்தே ஒரு வாசல் இருப்பதால், கீழிருந்து படிப்படியாக ஏறி வருபவருக்கு இடம் சுருங்குகிறது. நேரடியாக வருபவர்கள் தகுதியற்றவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2003-இல் குரூப் 1 வழியாக வந்த பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் ஆண்கள் மட்டுமே இருந்த உலகில் பெண் அதிகாரிகளாக நுழைந்தவர்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்தில் தீப்பிடித்தபோது பிரியா வெளியே நின்று உத்தரவு போடவில்லை; உள்ளே போய்த் தீக்காயம் பட்டார். அதே தீயில் தீயணைப்பு வீரர் அன்பழகன் உயிரிழந்தார். தேர்வெழுதி மேலே வந்தவரும் அடியிலிருந்து வந்தவரும் ஒரே நெருப்புக்குள் நின்ற நாள் அது. நெருப்புக்குள் இல்லாத வேற்றுமை பதவி உயர்வில் மட்டும் ஏன் என்பதுதான் கேள்வி.

108 ஆம்புலன்ஸ் ஊழியர்களின் நிலை இன்னும் மோசம். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தச் சேவையை அரசுக்காக ஒரு தனி நிறுவனம் நடத்துகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். ஓட்டுநருக்குப் பத்தாம் வகுப்பும் உரிமமும் பேட்ஜும் வேண்டும். உள்ளே இருக்கும் மருத்துவ உதவியாளர் செவிலியம் படித்தவராக இருக்கலாம்; விலங்கியலோ தாவரவியலோ நுண்ணுயிரியலோ படித்த பட்டதாரியாகவும் இருக்கலாம். தாவரவியல் படித்துவிட்டு வேலை தேடி அலைந்த ஒருவர், சில வாரப் பயிற்சிக்குப் பிறகு நெடுஞ்சாலை ஓரத்தில் ஓடும் வண்டிக்குள் பிரசவம் பார்க்கிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஃப்ரீடம் ஹவுஸ் காட்டியதும் இதைத்தான்: நல்ல பயிற்சி கிடைத்தால் யார் வேண்டுமானாலும் உயிரைக் காக்கலாம். ஆனால் பத்து ஆண்டுகள் 12 மணி நேர ஷிப்ட் பார்த்து, மாரடைப்பும் விஷக்கடியும் சாலை விபத்துமாக எத்தனையோ பேரைக் கொண்டு சேர்த்த பிறகும், அந்த உதவியாளர் மருத்துவமனை வாசலில் நோயாளியை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டியவர்தான். உள்ளே வேலை கேட்டுப் போனால் அவருடைய அனுபவத்துக்கு மதிப்பெண் கிடையாது.

அனுபவத்தைச் சட்டமே தடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியா உதாரணம். அங்கே பல பத்தாண்டுகளாகச் சிறைக் கைதிகள் காட்டுத் தீயை அணைத்து வந்தார்கள். விடுதலையான பிறகு அதே வேலைக்கு விண்ணப்பித்தால், பழைய தண்டனை பெரும்பாலும் குறுக்கே நிற்கும். 2020-இல்தான், இப்படிப் பணியாற்றியவர்கள் தண்டனைப் பதிவை நீக்கக் கோர வழிசெய்யும் சட்டம் வந்தது.

தமிழ்நாட்டில் அவ்வளவு பெரிய சுவர் எதையும் இடிக்க வேண்டியதில்லை. அவசர மருத்துவத் தொழில்நுட்பரைத் தனித் தொழிலாக ஏற்றுக்கொண்ட மத்தியச் சட்டம் 2021-லேயே வந்துவிட்டது. எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்பே இருக்கிறது. 108-இல் ஐந்தாண்டு பணியாற்றியவர்களுக்கு அதில் குறிப்பிட்ட இடங்களை ஒதுக்கி, பணிக்காலத்தைப் பயிற்சிக்காலமாகக் கணக்கில் எடுக்கலாம். அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு வேலைகளில் அவர்களுக்கு முன்னுரிமை தரலாம். தீயணைப்புத் துறையில், நிலைய அலுவலர் பணியிடங்களில் ஒரு பங்கைப் பணியில் இருக்கும் தீயணைப்பாளர்களுக்கு என்றே வைத்து, அவர்களுக்குள் மட்டும் தேர்வு நடத்தலாம். ஆள் சேர்க்கும்போது ஐடிஐ சான்றிதழுக்கும் நீச்சல் திறனுக்கும் சில மதிப்பெண்கள் கொடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை. இவற்றுக்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவைப்படாது. ஓர் அரசாணை போதும். அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் சுகாதாரத் துறையும் தீயணைப்புத் துறையும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.