எந்த வாசல் வழியாகப் போனார்கள்?



ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டம் பார்த்து வளர்ந்த திருத்தணியில் இருந்துகொண்டு இந்த மாதம் சர்ச் பற்றி எழுதுகிறாரே என்று சிலர் நினைக்கலாம். நம் பத்திரிகை எல்லா மதத்தார் வீட்டுக்கும் போகிறது. சாதியும் அப்படித்தானே போகிறது?

சண்டே கிளாசில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் கதையைக் கேட்டுப் பிள்ளைகள் கண் கலங்குகிறார்கள். நல்லதுதான். அதே கிங் 1959-ல் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். அங்கே அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்தார்களாம். முதலில் திடுக்கிட்டாலும், யோசித்தபோது அது உண்மைதான் என்று பட்டதாக 1965-ல் தன் சபைப் பிரசங்கத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கறுப்பர்களுக்கும் தலித்துகளுக்கும் இடையே கடல் கடந்து வந்தவருக்குப் புரிந்த இந்த உறவை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தருவது?

சொல்லித்தர நம் ஊர்க் கதையே இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம். தேவசகாயம் 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். மனிதர்களுக்குள் ஏற்றத்தாழ்வு இல்லை என்று பேசியவர், 1752-ல் கொல்லப்பட்டார். 2022-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம் இல்லை.

அதே வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த கோயிலைப் பாருங்கள். கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு நீளக் கூடங்கள், இரண்டும் சேரும் இடத்தில் பீடம். மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. இரண்டு பக்கத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. இதற்கென்றே ஒருவர் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறார் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

1910-ல் இரண்டு கூடங்களையும் பிரித்த தடுப்பை இடித்தார்கள். விடவில்லையே! திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று பிள்ளை, முதலியார் கிறிஸ்தவர்கள் பிஷப் மேல் கேஸ் போட்டார்கள். கிறிஸ்தவர்களுக்குள் தீட்டு என்ற பேச்சை ஏற்க முடியாது என்று சென்னை ஐகோர்ட் 1917-ல் தள்ளிவிட்டது.

எல்லாம் பழங்கதை என்கிறீர்களா? விழுப்புரம் பக்கம் எறையூரில் கத்தோலிக்கர்களுக்குள் சாதிப் பிரச்சினை 2008-ல் மோதலாக வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அதையும் விடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் மணமகள் தேவை பக்கத்தைப் பிரியுங்கள். சபைப் பெயரும் சாதிப் பெயரும் ஜோடியாக நிற்கும். அதைப் படிப்பது நம் வீட்டுக் கூடத்தில்தான்.

'எல்லோரும் ஆண்டவரின் பிள்ளைகள்' என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். நம் கோயிலில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், எந்த வாசல் வழியாக வந்தார்கள், யாருக்குக் கல்லறையில் எந்த மூலை என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள். பெரியவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி சங்கடம். இருக்கட்டும்.

இதற்கு ஒரு நாளும் இருக்கிறது. நவம்பர் இரண்டாம் ஞாயிறை இந்தியச் சபைகள் தலித் விடுதலை ஞாயிறாக அனுசரிக்கின்றன. அன்று ஒரு பிரசங்கத்தோடு முடித்துவிடாமல், பாட்டி தாத்தாக்களைப் பிள்ளைகள் முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொன்னால் என்ன? ஓரத்தில் நிறுத்தப்பட்டவர்கள் முதலில் பேசட்டும். நிறுத்தியவர் வீட்டுப் பிள்ளைகளும் கூட உட்கார்ந்து கேட்கட்டும்.

கோயில், மசூதி, டீக்கடை, கிணற்றடி என்று உங்கள் ஊர் நினைவுகளையும் எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கம் ஆந்திரா, அந்தப் பக்கம் தமிழ்நாடு என்று சொந்தபந்தம் பரவிக் கிடக்கும் எல்லை ஊர் இது. தெலுங்கில் எழுதினாலும் வாங்கி மொழிபெயர்த்துப் போடுவோம். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்