பெட்டி கட்டிய பிள்ளை

பதினைந்து வயதுப் பிள்ளையைப் பெட்டி கட்டி அயல்நாட்டுக்கு அனுப்ப உங்களுக்கு மனம் வருமா? இத்தாலியின் துறைமுக ஊரான பிரிண்டிசியில் 2003-ல் பிறந்த மத்தேயோ ஸ்பன்யோலோ, 2018-ல் அப்படித்தான் ஸ்பெயின் போனார். ரியல் மாட்ரிட் கழகத்தில் கூடைப்பந்து பழக. ‘ஸ்பன்யோலோ’ என்றால் இத்தாலிய மொழியில் ‘ஸ்பெயின்காரர்’. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!

2022-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா குழு அவரை 50-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. உடனே அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை! இந்தத் தேர்வு நிச்சயதார்த்தம் மாதிரி. முகூர்த்தம் தனியே கூடிவர வேண்டும். அவர் போனது இத்தாலியின் டிரென்டோவுக்கு. 2023-ல் ஜெர்மனியின் பெர்லினுக்கு. இருபது வயதுக்குள் மூன்று நாட்டுச் சாப்பாடு!

பட்டியலில் பெயர் ஏறிவிட்டதென்று அவர் பந்தைக் கீழே வைக்கவில்லை. காத்திருப்பதும் ஆட்டத்தில் ஒரு பகுதிதான், அல்லவா?